மழையில் பேப்பர் போடும் கைக்கு ஒரு கூரை

ஈரக் கட்டைவிரல் பட்ட இடத்தில் பேப்பர் ஊறிப்போகும். அப்படியே மடித்துச் சொருகப் பார்த்தால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கையோடு வந்துவிடும். எங்கள் ரோட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். காலை ஐந்தரைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஓரம் கிழிந்த பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்த நாளெல்லாம் எனக்கு மனசு சரியாக இருந்ததில்லை. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கிழிந்த இடத்தை விரலால் நீவிச் சேர்த்துவிட்டு வாசிக்கத் தொடங்குவார்.

குலசேகரத்தைச் சுற்றிப் பதினோரு வருடமாகப் பேப்பர் போடுகிறேன். நாலு மணிக்குக் கட்டு வந்து இறங்கும். பிரித்து, இணைப்புகளைச் சொருகி, நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தால் திற்பரப்புப் பக்கம் போய்ச் சுற்றி, பொன்மனை வழியாகத் திரும்ப ஏழு மணி ஆகும். 140 வீடு. எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்துவிடும். ஆக, வருடத்தில் பாதி நாள் என் கை நனைந்துதான் கிடக்கும். அந்தக் கைக்காகப் பைக் ஹேண்டிலில் ஒரு கூரை கட்டிய கதை இது.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் வானிலை ஆய்வு மையம் அதைக் கனமழை என்று சொல்லும். வண்டி ஓட்டுகிறவன் கைக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். 40 கி.மீ. வேகத்தில் போனால் சாதாரணத் தூறலே பத்து நிமிஷத்தில் விரலிடுக்குவரை இறங்கிவிடும்.

நம் ஊரில் கை நனைந்தால் என்ன, பனியா கொட்டுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. விடிகாலை நாலே முக்காலுக்கு ஈரக் கையோடு ஒரு மணி நேரம் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. தோலில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதை அது நம் தோலிலிருந்துதான் எடுக்கும். எதிர்க்காற்று அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. அரை மணி நேரத்தில் விரல் நுனி வெளுத்துச் சுருங்கும், கிளட்சைப் பிடிக்கிறோமா விடுகிறோமா என்பதே மங்கலாகிவிடும். விரல் சுருங்குவது வெறுமனே தோல் ஊறுவதால் அல்ல. நரம்பின் தூண்டுதலில் உள்ளே இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் நடப்பது. நரம்பு அறுபட்ட விரல் தண்ணீரில் கிடந்தாலும் அப்படிச் சுருங்காது என்பதை மருத்துவர்கள் 1930களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சுருங்கிய விரலைப் பார்க்கும்போதெல்லாம் கை என்னிடம் முறையிடுவது போலத்தான் எனக்குத் தோன்றும்.

இந்தக் கூரைக்கு முன் இரண்டு வருடம் கையுறையோடுதான் போராடினேன்.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையில் தொடங்கினேன். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது, அது உண்மை. ஆனால் பொன்மனை வந்து கழற்றும்போது உள்ளே கை குளித்தது போல இருக்கும். எங்கோ ஓட்டை என்று நினைத்துக் கையுறைக்குள் தண்ணீரை நிரப்பிக் கொடியில் தொங்கவிட்டேன். ராத்திரி முழுக்கத் தொங்கியும் கீழே ஒரு சொட்டு இல்லை. பிறகு மழையே இல்லாத ஒரு நாள், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினேன். பருத்திக் கையுறை ஜோடியை மளிகைக்கடைத் தராசில் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தேன். போகும்போது 31 கிராம், வரும்போது 40 கிராம். வானத்திலிருந்து ஒரு துளி விழவில்லை. அந்த 9 கிராமும் என் வியர்வை. அன்றைக்குத்தான் புரிந்தது, நான் மழையை மட்டும் பகையாக நினைத்திருந்தேன் என்று.

அடுத்து, மழைக்கென்றே செய்த பைக் கையுறை ஒன்றை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெளியே துணி, நடுவே ஒரு மெல்லிய சவ்வு, உள்ளே பஞ்சு போன்ற லைனிங். அந்தச் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர்த் துளி நுழைய முடியாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியே போகும். குளிர்ந்த, காய்ந்த காற்றுள்ள ஊரில் அது அருமையாக வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் ஊர் மழையில் வெளித் துணி முழுக்க நனைந்து சப்பிப்போய்ச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே தண்ணீர்ப் படலம், காற்றிலும் ஈரம் நிறைந்து நிற்கிறது. ஆவி போக வழி எங்கே? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஈரக் கையை உருவினால் உள் லைனிங்கும் விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். திரும்ப ஐந்து விரலையும் அதனதன் இடத்தில் நுழைக்க ஒரு நிமிஷம் ஆகும். வீட்டுக்கு ஒரு தடவை கழற்றி மாட்டினால் 140 நிமிஷம். அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது.

இரண்டாவது மழைக்காலத்தின் கடைசியில் விரலிடுக்குகள் சிவந்து, தோல் உரிந்து, புளி பட்டால் உயிர் போகும் அளவுக்கு எரிந்தது. தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால்ல சேத்துப்புண் வர்ற மாதிரிதான் இதுவும். தண்ணியில ஊறினாலே தோல் கெட்டுப்போகும். கையுறைக்குள்ள நிக்கிற வேர்வையும் தண்ணிதான்" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். ஈரக் கையில் ரப்பரைப் போடவே கூடாது என்றும் சொன்னார். மழையில் நனைந்தாலும் புண், மூடினாலும் புண். அந்த வருடம் தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வழி கிடைத்தது என் தாய்மாமா பால் வெட்டும் ரப்பர்த் தோட்டத்தில். மே மாதக் கடைசி. மழை தொடங்குவதற்கு முன் மரங்களுக்குப் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தார், நான் தார்ப்பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ரப்பர் மரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பால் வடியப் பட்டையில் வெட்டும் சாலுக்கு வெட்டுச்சால் என்று பெயர். அதற்குக் கொஞ்சம் மேலே பட்டையை லேசாகச் சுரண்டி, மரத்தைச் சுற்றித் தார்ப்பசையைப் பூசுவார்கள். அதன்மேல் பாவாடை போலக் கொசுவம் வைத்த பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மேல் விளிம்பைத் துணிப்பட்டை வைத்து அழுத்தி ஸ்டேப்ளர் அடிப்பார்கள். மேலே இருந்து பட்டை வழியாக இறங்கும் தண்ணீர் தாளின்மேல் ஏறிக் கீழே சொட்டிவிடும். வெட்டுச்சாலும் பால் பிடிக்கும் சிரட்டையும் உள்ளே காய்ந்து இருக்கும். வெட்ட வருகிறவர் தாளைத் தூக்கி உள்ளே கையை விட்டு வெட்டிவிட்டுப் போய்விடலாம். இது இல்லாவிட்டால் சாலில் மழைத்தண்ணீர் ஏறிப் பால் எல்லாம் பட்டையில் வழிந்து வீணாகும். ஈரத்திலேயே கிடந்தால் வெட்டிய இடத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்து பட்டை அழுகும்.

"கீழ எதுக்கு மாமா தெறந்து கெடக்கு? சுத்தி இறுக்கிக் கெட்டினா வெள்ளமே ஏறாதே?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்.

"கெட்டினா உள்ள புழுங்கிப் பட்ட அழுவிப் போவும் மக்கா. மேல இருந்து வாற வெள்ளத்த மாத்தி விட்டாப் போதும். கீழ காத்து நடக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

நான் என் கையைப் பார்த்தேன். அழுகிய பட்டைதான் அது. இரண்டு வருடமாக அதை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். கைக்கு வேண்டியது உறை அல்ல, கூரை. கீழும் பின்னும் திறந்திருக்கும், வண்டியோடு பொருத்தப்பட்ட கூரை. கையை நினைத்த நேரத்தில் வெளியே எடுக்கலாம், கழற்ற மாட்ட ஒன்றும் இல்லை.

கூரை போடுவதற்கு முன் மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பருத்த மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். 40 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓடும் வண்டியில் இருப்பவனுக்கு மழை தலைக்கு மேலிருந்து வருவதில்லை. செங்குத்திலிருந்து 50 பாகைக்குச் சாய்ந்து, முன்னாலிருந்து வருகிறது. சிறு துளிகள் மெதுவாக விழுவதால் இன்னும் படுக்கையாக வரும். வண்டி நின்றால் எல்லாம் மறுபடி மேலிருந்து.

கணக்கை மட்டும் நம்பாமல் பழைய பேப்பரிலேயே சோதித்தேன். மிச்சம் விழுந்த பேப்பர் ஒன்றை இடது கையில் முஷ்டியிலிருந்து முழங்கைப் பக்கம்வரை சுற்றி நூலால் கட்டி, மழையில் எங்கள் தெருவில் ஒரே வேகத்தில் ஒரு சுற்று போய் வந்தேன். மழையைக் காட்டிக்கொடுக்க நியூஸ்பேப்பரைப் போல ஒன்று கிடையாது, பட்ட இடம் அப்படியே கறுக்கும். விரல் முட்டிகள் முழுக்கக் கறுத்துக் கிழிந்திருந்தன. புறங்கையில் பாதி. மணிக்கட்டின் மேல்பக்கத்தில் ஒரு பட்டை. உள்ளங்கைப் பக்கமும் மணிக்கட்டின் அடியும் வெள்ளையாகவே இருந்தன. ஆக, முன்சுவரும் மேல்கூரையும் போதும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரலுக்கு நேரே, மழை நேராகப் பட வழியில்லாத இடத்தில், ஒற்றைப் பொட்டாக ஓர் ஈரம். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியவில்லை.

முதல் கூரையை ஃபிளெக்ஸ் பேனரில் செய்தேன். கல்யாண வீட்டுப் பேனர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. வெட்டி, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியின் தண்டில் ஒரு கட்டு, ஹேண்டில் நடுவில் ஒரு கட்டு என்று தொங்கவிட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் திற்பரப்புக்குப் போகும் வளைவில் எதிர்க்காற்று அடித்தபோது, திடீரென்று என்ஜின் மட்டும் அலறியது, வண்டி இழுக்கவில்லை. காற்று அந்தப் பேனரைத் தள்ளிக் கிளட்ச் நெம்புகோலோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த ரப்பர் ஷீட் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, ரொம்ப நேரமா உங்க பிரேக் லைட் எரிஞ்சிட்டே வருது" என்றார். வலது பக்கப் பேனர் முன்பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. நனைந்த ரோட்டில் முன்சக்கரம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கால் நடுங்கியது. அங்கேயே பேனரை அவிழ்த்துப் பையில் போட்டேன்.

இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. சட்டம் இல்லாமல், வெறும் துணியோ பிளாஸ்டிக்கோ ஹேண்டிலில் தொங்கக் கூடாது. நெம்புகோலுக்கும் கூரைக்கும் நடுவே எந்தக் காற்றிலும் நான்கு விரல் இடைவெளி நிற்க வேண்டும்.

சட்டத்துக்கு முதலில் நினைத்தது இரும்புக் கம்பி. 4 மி.மீ. கம்பி காற்றில் வளைந்தது. கிரில் பட்டறையில் 6 மி.மீ. கம்பியை வளைத்துக் கேட்டேன். பட்டறைக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "கீழ விழுந்தா இது உங்க வயித்துலதான் ஏறும்" என்றார். சரியாகச் சொன்னார். அதனால் வீட்டு வயரிங்குக்குப் போடும் முக்கால் அங்குல பிவிசி பைப்புக்கு மாறினேன். காற்றைத் தாங்கும், வண்டி விழுந்தால் ஒடிந்துவிடும், குத்தாது.

பைப்பை வளைக்க மணல் வேண்டும். வெறுமனே தீயில் காட்டி வளைத்தால் வளைவில் நசுங்கி மடிந்துவிடும். சலித்த, காய்ந்த மணலை இரும்புச் சட்டியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, ஒரு முனையை அடைத்த பைப்புக்குள் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினேன். பழந்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்தால் பைப் ரப்பர் போல இளகும். அப்போது ஒரு பெரிய பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்து மெதுவாக வளைத்து, ஈரத்துணியால் குளிரவைத்து, மணலைக் கொட்டிவிட வேண்டும். முனையைத் தட்டையாக்க மட்டும் நேரே தீயில் காட்டினேன். அதைக் கருகவிடக் கூடாது, பிவிசி கருகும் புகை நெஞ்சைப் பிடிக்கும். முற்றத்தில் வைத்துத்தான் செய்தேன். தட்டையான முனையில் 10 மி.மீ. ஓட்டை போட்டால் கண்ணாடித் தண்டின் நட்டுக்கு அடியில் உட்காரும். அந்த ஒரு பிடி போதாது, காற்றில் சுற்றும். ஹேண்டில் நடுப்பக்கம் 9 செ.மீ. தள்ளி, ஹோஸ் கிளிப் போட்டு இன்னொரு பிடி கொடுத்தேன். சட்டம் கைப்பிடியின் முனையைத் தாண்டி 4 செ.மீ. வெளியே வந்து, முன்னால் 14 செ.மீ. துருத்தி நிற்கிறது. வலது பக்கம் கைப்பிடி திரும்பும் பக்கம், அதனால் அதன் முனையில் எதையும் கட்டவில்லை. பொருத்தியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டால் தானாகத் திரும்புகிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தால் எங்காவது இடிக்கிறதா என்று பார்த்தேன். முறுக்கினால் ஓர் இடத்தில் உரசியது. பைப்பை மறுபடி சூடாக்கி விலக்கினேன்.

மேலே போடும் சீலைக்குப் ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. மடித்த இடத்தில் சீக்கிரம் வெடிக்கும். லாரிக்குப் படுதா தைக்கிற கடையில் பிவிசி பூசிய தார்ப்பாய்த் துண்டுகள் எடைக்குக் கிடைத்தன. ஒரு பக்கத்துக்கு 62 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம். முதலில் பேப்பரில் வெட்டி, சட்டத்தின்மேல் போட்டுப் பார்த்து, சரியான பிறகுதான் தார்ப்பாயில் கத்தியை வைத்தேன்.

வெளி மூலையை வெட்டித் தைக்காமல் மடித்தே உருவாக்கினேன். பதநீர் குடிக்க ஓலையை மடித்துப் பட்டை பிடிப்பார்களே, ஒரு தையல் கிடையாது, ஒரு சொட்டு ஒழுகாது. அதே மடிப்பு. தண்ணீர் படும் இடத்தில் ஊசித் துளையே இல்லாமல் இருந்தால் ஒழுகுமா என்ற கவலையும் இல்லை. தைத்தே ஆக வேண்டியது உள்பக்கத்தில் ஒரே ஓர் இணைப்பு. அதை முதலில் தண்ணீர்ப் பைப்புக்குப் போடும் பசையில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது, ஆனால் அட்டை போல விறைத்து இரண்டு வாரத்தில் உடைந்தது. சைக்கிள் பஞ்சர் பசை பிவிசியில் நிற்கவே இல்லை, உரித்தால் தோல் போல வந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். நைலான் நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்து, இரண்டு வரிசையாகத் தைத்தார். "மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு மேல ஏறி நிக்கணும், ஓடு வேயற மாதிரி" என்று அவரே சொன்னார். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். மெழுகு நூல் ஊசித் துளையை நிறைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்துக்கும் 120 ரூபாய் வாங்கினார்.

மேல்கூரை மணிக்கட்டைத் தாண்டி 12 செ.மீ. பின்னால் வருகிறது. வண்டி நின்று மழை நேராக விழும்போது இந்த நீட்டம்தான் காப்பாற்றும். முன்சுவரின் கீழ் விளிம்பு கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண். அதற்கும் கீழே இறக்கினால் இண்டிகேட்டர் மறைகிறது.

கட்டி முடித்து மறுபடி பேப்பரைச் சுற்றிக்கொண்டு மழையில் ஒரு சுற்று போனேன். முட்டிகள் வெள்ளை. புறங்கை வெள்ளை. ஆள்காட்டி விரலுக்கு நேரே மட்டும் அந்த ஒற்றைப் பொட்டு இருந்தது. கூரைக்குள்ளேயே ஒழுக்கு.

வண்டியை மழையில் நிறுத்திவிட்டு, டார்ச்சோடு குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். கிளட்ச் கேபிளின்மேல் ஒரு துளி உருண்டு வந்தது. கறுப்பு ரப்பரில் ஒட்டியபடியே மெல்ல நகர்ந்து, கூரையின் ஓட்டை வழியாக உள்ளே வந்து, நெம்புகோலின் திருகாணியில் ஒரு நொடி தொங்கி, விரல் இருக்கும் இடத்தில் சொட்டியது. பின்னாலேயே அடுத்தது. வெளியே விழும் மழையையெல்லாம் கேபிள் ஓடை போல உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறது. கரண்ட் ஆட்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை நுழையும் இடத்துக்கு முன்னால் தொங்கவிட்டு மேலே ஏற்றுவார்களே, அது இதற்காகத்தான். கேபிளை அப்படித் தொங்கவிட எனக்கு இடமில்லை. கூரைக்கு வெளியே 5 செ.மீ. முன்னால் கேபிளைச் சுற்றித் தடித்த பருத்தி நூலை இறுக்கமாக நாலு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை ஒரு விரல் நீளத்துக்கு வால் போலத் தொங்கவிட்டேன். துளி வந்தது, நூலில் முட்டியது, வால் வழியாக இறங்கி ரோட்டில் விழுந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரி குடையோடு வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பாகம் அந்த நூல்தான். கேபிள் நுழையும் ஓட்டையையும் கண்ணாடித் தண்டு ஓட்டையையும் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு போட்டு அடைத்தேன்.

பாக்கி இருந்தது ரெயின்கோட்டின் கை. வீட்டுக்கு வீடு கையைத் தூக்கிப் பேப்பரைக் கொடுக்கும்போது சட்டைக் கைக்குள் தண்ணீர் ஓடும், கையை இறக்கினால் அதே தண்ணீர் மணிக்கட்டுக்கு வரும். இதற்கு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால் மறுபடி புழுக்கம். தோர்த்து என்று எங்கள் பக்கம் சொல்லும் மெல்லிய பருத்தித் துண்டு பழையது ஒன்றை 6 செ.மீ. அகலத்தில் கிழித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுத் தளர்வாகக் கட்டி, அதன்மேல் ரெயின்கோட் கை வரும்படி விட்டேன். வருகிற தண்ணீரைத் தோர்த்து குடித்துவிடும். திற்பரப்பில் ஒரு ஜோடி மாற்றுகிறேன், அவ்வளவுதான். தோர்த்துக்கு ஈடாக எந்தத் துணியும் எனக்குக் கிடைக்கவில்லை. தடித்த டவல் நிறையக் குடிக்கும், ஆனால் காயாது. தோர்த்து பிழிந்து உதறினால் பாதி காய்ந்த மாதிரி.

வாசலில் கை எப்படியும் நனையும், அதைத் தடுக்க முடியாது. அதனால் இடது கூரைக்குள்ளேயே, சட்டத்தில் ஒரு முழத் தோர்த்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அது சக்கரப் பக்கம் போகாதபடி இரு முனையும் சட்டத்தில் முடிச்சு. வண்டிக்கு வந்ததும் கையை உள்ளே விட்டு நாலு விரலையும் கட்டைவிரலையும் அதில் ஒரு தடவை உருவினால் போதும். அடுத்த வீடு வருவதற்குள், உள்ளே சுற்றும் காற்றிலேயே மீதி ஈரமும் போய்விடும். கீழே திறந்திருப்பதன் அருமை அங்கேதான் தெரிகிறது. வராந்தா உள்ள வீடுகளுக்குக் காய்ந்த கையால் காய்ந்த பேப்பரைக் கவர் இல்லாமலே கொடுக்கிறேன். கேட்டில் சொருகும் வீடுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கவர்.

தென்மேற்கு மழை முழுக்கவும், இப்போது ஐப்பசி மழையிலும் ஓட்டிவிட்டேன். குறைகள் இருக்கின்றன. பக்கவாட்டில் காற்று அடித்தால் வெளிக்கை நனைகிறது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை எதிரே வரும் பஸ் வாரி அடித்தால் கீழிருந்து எல்லாம் உள்ளே வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. 45-க்கு மேல் போனால் சட்டம் அதிர்கிறது, அதனால் நான் 40-ஐத் தாண்டுவதில்லை. ஹாரனும் டிம் ஸ்விட்சும் கண்ணுக்குத் தெரியாது. மழைக்கு முன்பே ஒரு வாரம் வெறும் ரோட்டில் மாட்டி ஓட்டிக் கையைப் பழக்கினேன். பள்ளிக்கூட மைதானத்தில் கையைச் சட்டென்று வெளியே இழுக்கவும் பழகினேன், விழும்போது கை உள்ளே மாட்டக் கூடாது. ஹோஸ் கிளிப் திருகை வாரம் ஒரு தடவை முறுக்கிவிட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் போடுகிறேன். வெயிலில் போட்டால் தார்ப்பாய் விறைக்கிறது.

விரலிடுக்குப் புண் ஆடி மாதத்தோடு ஆறிவிட்டது. ராத்திரி படுக்கும் முன் கையைக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வாஸ்லின் கொஞ்சம் தடவுகிறேன். காலையில் தடவ முடியாது, பேப்பரில் எண்ணெய்க் கறை விழும். போன வாரம் கொட்டிய மழையில் வாத்தியார் பேப்பரை வாங்கி, நாலு ஓரத்தையும் பார்த்துவிட்டு, "மழ பெய்யலியா அங்க?" என்று கேட்டார்.

சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் அண்ணன் என் வண்டியைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருடையது ஸ்கூட்டர். இரண்டு பக்கமும் பிரேக், கண்ணாடித் தண்டும் 8 மி.மீ.தான், ஹேண்டில் நடுவில் கிளிப் போட இடமே இல்லை. முன்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு போல்ட் இருக்கிறது, அதில் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. பேப்பரில் அளவு வெட்டிவிட்டேன். இன்றைக்கு மத்தியானம் இரண்டு பைப்பை வளைத்து முற்றத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன், உள்ளே மணல் இன்னும் ஆறவில்லை.